பின்னறை ஜன்னல்

பலகைக்காரர் கருவிப்பெட்டியோடு பின்னறைக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. முன்னறையில் இரண்டு, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று காலையிலிருந்து நான்கு ஜன்னல்களுக்குப் பலகை போட்டு முடித்துவிட்டார். இது ஐந்தாவது. தையலம்மா யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஓரத்தை மூன்றாவது தடவையாக அடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

“இது கடைசிம்மா. இதுவும் முடிஞ்சா, ஈ எறும்புகூட உங்களைக் கேட்டுட்டுத்தான் உள்ளே வரணும்” என்றார் அவர்.

அவள் சிரித்துவைத்தாள். காலையிலிருந்து இப்படிச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது.

இருக்கிற ஜன்னலை உடைக்கவோ பெயர்க்கவோ வேண்டாம் என்பதுதான் பலகைக்காரரின் கம்பெனிக்குப் பெருமை. பழைய மரச்சட்டத்தின் உள்பக்கம் நாலு ஓரத்திலும் அலுமினியப் பட்டி அடித்து, அதற்குள் கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு தடித்த பலகையைப் பொருத்திவிடுவார்கள். சுண்டுவிரல் பருமன் இருக்கும். கண்ணாடி அல்ல, உடையாது. காலையில் முதல் பலகையைத் திண்ணமாக மாட்டியதும் பலகைக்காரர் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்துக் காட்டினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டம்மா “ஐயோ” என்று காதைப் பொத்திக்கொண்டாள். பலகையில் ஒரு சின்னக் கோடுகூட விழவில்லை. இனிமேல் ஜன்னல் கதவை ராப்பகல் திறந்தே போட்டுவைக்கலாம், மழையும் வராது மனுஷனும் வரமாட்டான் என்றார். காற்றுக்கு மட்டும் மேல் ஓரத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு துளைகள் விட்டிருந்தார்கள்.

வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்தது. போனது சத்தம். முதல் ஜன்னலை மூடியதும் தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகள் எங்கோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது போல இருந்தது. அடுத்ததில் எதிர்வீட்டு ரேடியோ போயிற்று. சமையலறை ஜன்னலோடு பக்கத்து வீட்டம்மாவின் பாத்திரச் சத்தமும், அவள் தன் மருமகளைப் பற்றித் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அருமையான பேச்சும் போயின. இப்போது வீட்டில் மிச்சமிருக்கும் சத்தமெல்லாம் இந்தப் பின்னறை ஜன்னல் வழியாக வருவதுதான். அது வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்துக்குள் திறக்கும் ஜன்னல். பெரிதாக ஒன்றும் கேட்காது. யாராவது நடந்து வந்தால் காலடி கேட்கும்.

தையலம்மாவுக்கு அந்தக் காலடிதான் வேண்டியிருந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாலே முக்காலுக்கு அவள் மகன் இந்த ஜன்னலுக்கு வருவான்.

மகன் ஏன் வாசல் வழியாக வரவில்லை என்றால், அதற்கு அவள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைம்கீப்பர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பஸ் டிப்போவில் வண்டி போகிற நேரமும் வருகிற நேரமும் முப்பத்தோரு வருஷம் எழுதியவர். போன வருஷம் ரிடையர் ஆனார், ஆனால் வேலை அவரை விடவில்லை. ஆறுக்கு எழுந்திருப்பது, ஆறே காலுக்கு வீட்டைச் சுற்றி வந்து தண்ணீர் மீட்டர் பார்ப்பது, ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலரைக்கு நடை, ஐந்தரைக்குத் திரும்பி வருவது. அவருக்குத் தும்மல்கூட நேரம் கேட்டுக்கொண்டுதான் வரும் என்று தெருவில் கேலி உண்டு. நடைக்குப் போகும்போது வாசல் இரும்புக் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். “நீ மிஷினை மிதிக்க ஆரம்பிச்சா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. எவனாவது உள்ளே வந்தா?” என்பது அவர் நியாயம். தையலம்மா ஒரு வாரம் சண்டை போட்டுப் பார்த்தாள். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பதெல்லாம் கல்லைப் பற்றிச் சொன்னது, டைம்கீப்பரைப் பற்றி அல்ல.

மகனை அதே டிப்போவில் டிரைவராகச் சேர்த்துவிட்டவர் அவர்தான். தன் சர்வீஸின் கடைசி மாதத்தில் ஒரு விடியற்காலை, ஐந்து பதினெட்டுக்கு அவன் குடித்துவிட்டு டூட்டிக்கு வந்ததாக அவன் பெயருக்கு நேரே எழுதியவரும் அவர்தான். வேலை போயிற்று. அன்று சாயங்காலம் அவன் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். பிடித்தான், அவ்வளவுதான், அடிக்கவில்லை. ஆனால் பிடித்த கையைப் பிடித்தவனாலேயே பார்க்க முடியவில்லை. “இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். அவன் போய்விட்டான். மூன்று மாதம் இருக்கிறானா செத்தானா என்றே தெரியவில்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது, பின்னறை ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

“அப்பா வாசப்படியைத்தானேம்மா மிதிக்கக் கூடாதுன்னாரு. ஜன்னலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் கொக்கியை எடுத்துவிட்டாள். அந்த வீட்டைக் கட்டியவர் காற்றோட்டப் பிரியர், ஒரு ஜன்னலுக்கும் கம்பி வைக்கவில்லை. தோளைச் சாய்த்துக் குனிந்தால் ஒரு ஆள் தாராளமாக உள்ளே வரலாம்.

ஏழு மாதமாக அது நடக்கிறது. மரக்கடையில் சுமை இறக்குகிறான், செவ்வாயும் வெள்ளியும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். வந்தால் முக்கால் மணி நேரம். அவள் எடுத்துவைத்ததைச் சாப்பிடுவான், கிழிந்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு முக்காலியில் உட்கார்ந்திருப்பான். பெரிதாக ஒன்றும் பேசமாட்டான். ஆனால் அவள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். குடித்திருந்தால் கொக்கி எடுக்க மாட்டேன். ஜன்னல் கதவின் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு “ஊது” என்பாள். அவன் ஊதுவான். இரண்டு தடவை நாற்றம் அடித்தது. இரண்டு தடவையும் அவள் கொக்கியை எடுக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து அவன் “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் சும்மா இருக்க முடியாமல், துணியே இல்லாத மிஷினை முக்கால் மணி நேரம் மிதித்தாள். அது நடந்து பத்து வாரம் ஆகிறது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட நாற்றம் இல்லை. போன மாதம் டேப் வைத்து அளந்தபோது அவன் இடுப்பு ஒன்றரை அங்குலம் ஏறியிருந்தது. தன் வாழ்நாளில் எத்தனையோ இடுப்பை அளந்திருக்கிறாள், ஒரு இடுப்பை அளந்துவிட்டு சமையலறையில் போய் நின்று அழுதது அன்றைக்குத்தான்.

வாரத்தில் இந்த இரண்டு நாளுக்காகத்தான் அவன் மற்ற ஐந்து நாளும் குடிக்காமல் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். வந்து நின்று, ஜன்னல் மூடியிருந்தால், திரும்பி நேரே எங்கே போவான் என்றும் தெரியும்.

அந்த ஜன்னலைத்தான் அவளே மூடவைத்துவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை மழை வந்தது. டைம்கீப்பர் சரித்திரத்திலேயே முதல்முறையாகப் பாதி நடையில் திரும்பிவிட்டார். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டதும் மகன் ஜன்னலைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டான். அவர் நனைந்த சட்டையோடு பின்னறைக்கு வந்து பார்த்தபோது ஜன்னல் திறந்து கிடந்தது. விளிம்பில் ஈரச் சேற்றோடு ஒரு செருப்புத் தடம்.

“என்ன இது?” என்றார்.

“திருடன்” என்றாள் அவள், தேவைக்கு மேல் சத்தமாக.

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்து விழுந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் அந்தத் தடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்து “திருடனா?” என்று கேட்டார். “ஆமாங்க.” “என்ன போச்சு?” திருடன் வந்தால் ஏதாவது போக வேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மடியில் இருந்த பெரிய கத்தரிக்கோலைத் துண்டுத்துணி மூட்டைக்குள் நழுவவிட்டுவிட்டு, “கத்தரிக்கோல்” என்றாள். அவர் மறுநாள் காலையில் கடைக்குப் போய் அதே அளவில் புதுக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிவந்து மிஷின் மேல் வைத்தார்.

அவள் சொன்ன திருடன் அதற்குள் தெரு முழுக்க வளர்ந்துவிட்டான். மழையில் அவள் குரல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டம்மா, அவனை முந்தின நாளே பார்த்ததாகவும் அப்போதே நினைத்ததாகவும் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் ஒருவன் இல்லை, இரண்டு பேர் என்றார். புதன்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வந்து அளவெடுத்தான், வெள்ளிக்கிழமை பலகை வந்து இறங்கிவிட்டது. அவள் கல்யாணம்கூட இவ்வளவு வேகமாக நடக்கவில்லை. அளவெடுக்கும்போது டைம்கீப்பர், “நீ என்ன சொல்றே? மாட்டிடலாமா?” என்று அவளைக் கேட்டார். வழக்கமாக எதையும் கேட்கிற மனிதரில்லை. திருடன் வந்த வீட்டில் ஜன்னலை அடைக்க வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? “உங்க இஷ்டம்” என்றாள்.

மகனிடம் சொல்லவும் வழியில்லை. அவன் போன் கீழே விழுந்து உடைந்து இரண்டு மாதமாகிறது. “எதுக்கும்மா போனு, நான்தான் வரேனே” என்பான்.

இப்போது பலகைக்காரர் பழைய ஜன்னல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கொக்கியைக் கட்டைவிரலால் தடவினார். சட்டத்தின் ஓரத்தைத் தடவினார். மறுபடி கொக்கிக்கு வந்தார். தையலம்மாவின் கால் மிதியில் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து டைம்கீப்பர் அறை வாசலில் வந்து நின்றார்.

“எப்படி உடைச்சான்னு ஏதாவது தெரியுதா?”

பலகைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு தற்செயலாகத் திரும்புகிற மாதிரி தையலம்மாவைப் பார்த்தார்.

“பழைய கொக்கி சார். ஒரு கம்பி இருந்தாப் போதும், குழந்தைகூட எடுத்துடும்.”

“கம்பியா” என்றார் டைம்கீப்பர். தலையை ஆட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

பலகைக்காரர் ரசமட்டத்தை எடுத்து விளிம்பில் வைத்து, அதற்குள் இருந்த குமிழியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் பேசினார். “கொக்கியில ஒரு கீறல் இல்லைம்மா. மரத்துலயும் இல்லை. பதினெட்டு வருஷமா உடைச்ச ஜன்னலாத்தான் பார்த்துட்டு இருக்கேன்.”

அவள் கையிலிருந்த கால்சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். ஒரு அந்நியரிடம் சொல்வதா என்று ஒரு கணம் தோன்றியது. ஏழு மாதமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“என் பையன்” என்றாள். “நாலே முக்காலுக்கு வருவான்.”

“இன்னைக்கா?”

“இன்னைக்குத்தான். அவங்க அப்பா அந்நேரம் நடக்கப் போயிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு வருவான்.”

பலகைக்காரர் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. “என்னால மெதுவா மாட்ட முடியும்மா. மாட்டாமப் போக முடியாது” என்றார். கொஞ்சம் கழித்து, “ஒண்ணு பண்ணலாம், இருங்க” என்று எழுந்து முன்னறைக்குப் போனார்.

அவள் கால்சட்டையை மடியில் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“சார், ஒரு வீட்டுல அஞ்சு ஜன்னலும் அடைச்சா, ஒண்ணாவது உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி விடணும். சாவி கீவி கிடையாது, ஒரு பிடி இருக்கும், திருப்பினா பலகை உள்பக்கமாத் திறந்துக்கும். வெளியேயிருந்து ஒண்ணும் பண்ண முடியாது.”

“உள்ளேயிருந்து திறக்கணும்னா பலகை எதுக்கு?”

“நெருப்பு கிருப்பு பத்துனா எங்க சார் போவீங்க? ஒரு வீட்டுல இப்படித்தான் எல்லாத்தையும் அடைச்சுக் குடுத்தேன். புகை வந்துடுச்சு. நான் மாட்டின பலகையை நானே அறுத்து அவங்களை வெளியே எடுத்தேன். உயிரோடதான் எடுத்தேன், ஆனா அந்த இருபது நிமிஷத்தை என்னால மறக்க முடியலை. அதுலருந்து எனக்கு இது ரூல்.”

ரூல் என்ற வார்த்தைக்கு டைம்கீப்பரிடம் எப்போதும் மரியாதை உண்டு. “ரூல்னா சரி. எந்த ஜன்னல்?”

“இஸ்திரிப்பெட்டி எங்க இருக்கோ அங்கதான் சார். பின்னறை.”

அவருடைய செருப்புச் சத்தம் நெருங்கியது, அறை வாசலில் வந்து நின்றார். “பின்னறைக்குத் திறக்கிற மாதிரி வைக்கணுங்கிறார். நீ என்ன சொல்றே?”

“அவருக்குத்தானே தெரியும்” என்றாள் அவள், மிஷின் ஊசியைப் பார்த்துக்கொண்டு. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கொக்கிக்குப் பதில் ஒரு பிடி, அவ்வளவுதானே. இன்று ஒரு நாள் எப்படியாவது தப்பித்துவிட்டால், செவ்வாய்க்கிழமை பழையபடி அவன் வருவான், இடுக்குக்குப் பதில் துளையில் ஊதச் சொன்னால் போயிற்று.

“சரி, வைங்க” என்றார் டைம்கீப்பர். போகத் திரும்பியவர் நின்றார். “ஆனா ஒண்ணு. டிப்போவுல பஸ்ஸுக்குள்ள அவசரக் கதவுக்கு ஒரு சீல் போடுவோம். திறந்தா அறுந்துடும். அந்த மாதிரி உங்ககிட்ட இருக்கா?”

பலகைக்காரர் தயங்கினார். “இருக்கு சார். அது கடை, ஆபீஸுக்குப் போடறது. வீட்டுக்கு எதுக்கு?”

“நெருப்புப் பிடிச்சா அறுத்துட்டுப் போகட்டும். இல்லாத நேரத்துல அறுந்திருந்தா எனக்குத் தெரியணும் இல்லையா? நம்பர் இருக்குமே, அதை எழுதிவச்சுக்கிறேன்.” பிறகு அவளிடம் திரும்பினார். “என்ன, சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

வாயைத் திறந்தால் எது வந்து விழுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு தடவை வந்து விழுந்ததற்குத்தான் இத்தனையும். “ஒண்ணுமில்லைங்க” என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றார். அவள் ஊசியில் நூல் கோத்தாள். ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசி அது. அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம் பலகைக்காரர் சொன்னபடியே மெதுவாக வேலை செய்தார். டிரில்லிங் மிஷினின் முனையைத் தொலைத்துத் தேடினார். டீ இருந்தால் தேவலை என்றார், அவள் போட்டுக் கொடுத்தாள், சுடுகிறது என்று ஆறவைத்தார். ஆனால் வேலை என்று ஒன்று இருந்தால் அது முடிந்துதானே தீரும். நாலு மணிக்குப் பட்டிகள் அடித்தாயிற்று. நாலே காலுக்குப் பலகை உட்கார்ந்தது. சந்தின் சத்தம் அறுந்து, அறைக்குள் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டதும் தையலம்மா எழுந்துவிட்டாள்.

“ஏங்க, வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு. முக்குக் கடைக்குப் போய் ஒரு உருண்டை வாங்கிட்டு வந்துடட்டுமா?”

“வேலை முடியட்டும். நானே வாங்கிட்டு வரேன்.”

“அவசரமாக் குடுக்கணும்…”

“இன்னும் பதினஞ்சு நிமிஷம்.”

அவள் அறைக்குத் திரும்பினாள். மிஷின் இழுப்பறைக்குள் நாலு உருண்டை வெள்ளை நூல் கிடந்தது. இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினாள். கூண்டுக்குள் எலி எப்படி நடக்குமோ அப்படி மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு தடவை நடந்தாள். கத்தலாமா என்று நினைத்தாள். கத்தினால் யாருக்குக் கேட்கும்? கேட்டால்தான் என்ன சொல்வது? மகனைத் திருடன் என்று சொன்ன வாய் இது. அதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாலு முப்பத்தைந்துக்குப் பலகைக்காரர் கடைசித் திருகை முறுக்கினார். மஞ்சள் நிறத்தில் கையளவு பிடி ஒன்று பலகையின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தது.

“சார், இனி சோதனை. ஒருத்தர் வெளியே போய் நின்னு பலங்கொண்ட மட்டும் தள்ளணும், அசையக் கூடாது. அப்புறம் உள்ளே இருக்கிறவர் பிடியைத் திருப்பணும், சட்டுனு திறக்கணும். ரெண்டும் பார்த்த பிறகுதான் சீல் போடுவேன். வீட்டுக்காரங்கதான் பண்ணணும், நான் பண்ணா செல்லாது.” பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், “அம்மா வேணா உள்ளே இருக்கட்டும், நீங்க வெளியே போங்க” என்றார்.

“நான் உள்ளே இருக்கேன்” என்றார் டைம்கீப்பர். சட்டைப் பையிலிருந்து வாசல் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். “நீ போ.”

அந்தச் சாவியை அவள் கையில் வாங்கி ஒரு வருஷம் இருக்கும்.

வாசலைத் திறந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் வந்தாள். இரண்டு முனையிலும் யாரும் இல்லை. முனைக்கு ஓடிப்போய் நின்று, வருகிறவனைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் பலகை வழியாக டைம்கீப்பர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், உடைக்க முடியாத அந்த மூன்றடிக்கு நாலடிக்குள் மார்பளவு தெரிந்தார். ஜன்னல் உயரத்தில் இருந்தது. இத்தனை மாதத்தில் அதை அவள் வெளியேயிருந்து பார்த்ததே இல்லை. விளிம்புக்குக் கீழே ஒரே இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. ஏறி ஏறி அவன் கால் பட்ட இடம். கொஞ்சம் தள்ளித்தான் தண்ணீர் மீட்டர் இருந்தது.

மீட்டரைப் பார்த்தவள் பிறகு காலடியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு படி இருந்தது. இரண்டு செங்கலை அடுக்கி, மேலே சிமென்ட் பூசி, கரணையால் ஓரத்தைச் சதுரமாக வழித்துவிட்ட ஒரு படி. மீட்டர் பெட்டி ஆடுகிறது என்று அவர் ஒரு நாள் அரை மூட்டை சிமென்ட் வாங்கிவந்து குழைத்தது அவளுக்குத் தெரியும். இந்தப் படி தெரியாது. குனிந்தாள். ஓரத்தில் ஆணியால் கீறி எழுதியிருந்தது. மார்ச் 9, காலை 6.40. சிமென்ட் வேலை எதைச் செய்தாலும் ஈரம் காயும் முன் தேதியும் நேரமும் எழுதாமல் அவர் நகரமாட்டார். மார்ச்சில்தான் ஒரு வெள்ளிக்கிழமை மகன் ஏறும்போது வழுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். ரத்தம் துடைத்த துணியை அவள் குப்பையில் அடியில் வைத்து மூடினாள். அடுத்த நாள் காலைதான் இது.

பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் சுவரில் கையை வைத்துக்கொண்டாள். நாலரைக்குப் புறப்பட்டு, யாருக்காகவும் எதற்காகவும் ஐந்தரைக்கு முன் திரும்பாத மனிதர். அன்றைக்கு மழை மட்டும் வராமல் இருந்திருந்தால்!

“ஏறித் தள்ளு” என்றார் அவர் உள்ளேயிருந்து. துளைகள் வழியாகக் குரல் மெல்லியதாக வந்தது.

படியில் ஏறினாள். ஏறியதும் அவர் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்தது, ஒரு சாண் தூரத்தில். இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் வைத்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள்.

அவர் கண் அசையவில்லை. “தள்ளு.”

“தெரிஞ்சேதான் இருந்தீங்களா?”

எப்போதும் குரலை உயர்த்தாதவர் இப்போதும் உயர்த்தவில்லை.

“நீதானே அவனைத் திருடன்னே. தெருவே வந்து நின்னு கேட்டுது. அப்புறம் நான் என்ன பண்றது, சொல்லு.”

அவள் தள்ளினாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால் தள்ளினாள். உள்ளங்கையால் தள்ளி, பிறகு முழங்கையை மடித்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவரோடு வாழ்ந்த முப்பது வருஷத்தையும் சேர்த்து வைத்துத் தள்ளியும் பலகை இம்மியும் அசையவில்லை. “பலமா இருக்கு சார், பார்த்தீங்களா” என்றது பலகைக்காரரின் குரல், உள்ளே அவருக்குப் பின்னாலிருந்து.

அப்போது சந்தில் காலடி கேட்டது. அவளுக்கு அது யாருடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இடது காலைக் கொஞ்சம் தேய்த்து நடப்பான். காலடி வேகமாக வந்து, தயங்கி, நின்றுவிட்டது. டைம்கீப்பரின் பார்வை அவள் தலைக்கு மேலே போய் அங்கேயே தங்கியது. பழக்கதோஷத்தில் அவர் கை தானாக மேலே வந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியது.

“அம்மா” என்றான் பின்னால் நின்றவன், யாருக்கும் கேட்காத மாதிரி. “நான் குடிக்கலைம்மா.”

பலகைக்காரர் சீலைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்துக்கு வந்தார். வெளியே ஒரு தடவை பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“முதல் சோதனை முடிஞ்சுது சார். இனி நீங்க பிடியைத் திருப்பணும். திறந்து பார்க்காம நான் சீல் போட முடியாது. அம்மா, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. சட்டுனு திறந்துச்சுன்னா உள்ளே விழுந்துடுவீங்க.”

அவள் நகரவில்லை. நெற்றியையும் பலகையில் வைத்து, உடம்பின் மொத்த பாரத்தையும் அதில் சாய்த்திருந்தாள். அவள் மூச்சுப் பட்டுப் பலகையில் ஒரு வட்டம் புகை படிந்தது, கலைந்தது, மறுபடி படிந்தது. அந்தப் புகைக்கு அந்தப் பக்கம், மஞ்சள் பிடியின் மேல் அவர் கை வந்து நின்றிருந்தது. விரல்கள் அதைச் சுற்றி மூடியிருந்தன. புறங்கையில் நரம்புகள் எழும்பித் தெரிந்தன.